சீரகம் என்று எழுதிய டப்பா

ஒரு டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்? மேலே எழுதியிருப்பதைப் படிப்பவருக்கா, மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பவருக்கா? முகர்பவரின் மூக்கு ஒருநாள் வேலை செய்யாமல் போய்விட்டால், உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாத பொருளாகிவிடுமா? வேலைவெட்டி இல்லாதவர்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு யோசிக்க வேண்டிய கேள்வி. அது வந்து விழுந்ததோ ஒரு மருந்துக்கடைக் கம்பவுண்டரின் தலையில், அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த நேரமாகப் பார்த்து.

கம்பவுண்டர் என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். முனைக் கடையில் முப்பத்தொரு வருடமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறார். வெள்ளைக் கோட்டில் குத்தியிருந்த அட்டையில் வேறு ஏதோ நீளமான பதவிப்பெயர் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. அவரோ எல்லாவற்றையும் படிப்பவர். அலமாரியிலிருந்து புட்டியை எடுக்கும்போது ஒருமுறை, மாத்திரையை எண்ணும்போது ஒருமுறை, புட்டியைத் திரும்ப வைக்கும்போது ஒருமுறை என்று மேலே ஒட்டிய சீட்டை மூன்று தடவை படிப்பார். வாய்க்குள் முணுமுணுத்துப் படிப்பதால், புதிதாக வருபவர்கள் மனுஷன் யாரையோ திட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். பெயரில் ஒரு புள்ளி விடுபட்டிருந்ததற்காக ஒரு பெட்டி நிறைய இருமல் மருந்தைத் திருப்பி அனுப்பியவர் அவர்.

"புள்ளிதானே கம்பவுண்டர் சார், மருந்து அதேதானே?" என்று கடை முதலாளியம்மா கேட்டார்.

"வெளிய புள்ளியை விட்டவன் உள்ள எதை விட்டானோ மேடம்" என்றார் இவர்.

அவர் மனைவியைத் தெரு டிக்கெட்டம்மா என்று கூப்பிட்டது. பேருந்து நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கும் வேலை. இருபத்தாறு வருடமாக எதிரே நிற்பவர்களிடம் இரண்டே கேள்விதான்: எங்கே, எத்தனை. அதுவே வீட்டுப் பேச்சாகவும் ஆகிவிட்டது. மகள் அழுதுகொண்டு வந்தால் "எங்க வலிக்குது? எத்தனை நாளா?" என்பார். கம்பவுண்டர் தாமதமாக வந்தால் "எங்க போனீங்க? எத்தனை மணி?" என்பார். பதில் வருவதற்குள் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்.

அந்த வருடம் மழைக்காலத்தில் டிக்கெட்டம்மாவுக்கு மூன்று வாரம் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது வாசனையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிற்று. முதலில் யாருக்கும் புரியவில்லை. "இந்த சோப்புல வாசனையே இல்ல, நல்லா ஏமாத்துறானுங்க" என்றார். அடுத்த நாள் காப்பித்தூளைத் திட்டினார். அதற்கடுத்த நாள் கம்பவுண்டர் வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறந்தபோது காஸ் வாடை முகத்தில் அடித்தது. அடுப்பு திருகியபடி இருந்தது, தீ இல்லை. டிக்கெட்டம்மா சமையலறையில் முக்காலியில் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதது போல் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

அவர் ஓடிப்போய் அடுப்பை மூடினார், சன்னலைத் திறந்தார், மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தார்.

"என்னங்க, வீட்டுக்குள்ள பாம்பா?"

"காஸ்! உனக்குத் தெரியலையா?"

டிக்கெட்டம்மா மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு கையில் இருந்த பீன்ஸை மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் மாறியதைக் கம்பவுண்டர் அன்றுதான் பார்த்தார்.

மருத்துவர் அளந்து பேசுகிற அம்மா. "வரலாம், வராமலும் போகலாம். அதுக்குக் கொடுக்க என்கிட்ட மருந்து இல்ல. ஆனா சாப்பிடணும். ஐம்பத்தெட்டு கிலோ இருந்தவங்க இப்போ ஐம்பது. நாப்பத்தேழுக்குக் கீழ போனா இங்கயே படுக்க வெச்சு, மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்."

"வேலை செய்யாத மூக்கு, அதுல குழாயாவது போகட்டும்" என்றார் டிக்கெட்டம்மா. யாரும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து சமையல் கம்பவுண்டரின் பொறுப்பானது. வெள்ளிக்கிழமைதோறும் மருந்துக்கடை வாசலில் நிற்கும் எடை மிஷினில் மனைவியை ஏற்றி இறக்குவது என்றும் முடிவானது.

வெளியூரில் இருந்த மகள் கைப்பேசியில் வழி சொன்னாள். "அப்பா, மூக்குக்குப் போகாததை நாக்குக்குக் கொடுங்க. இஞ்சி, மிளகு, எலுமிச்சை, புதினா. தாளிச்சுக் கொட்டுங்க. உப்பைக் கூட்டாதீங்க, அம்மாவுக்கு ஏற்கெனவே பிரஷர். சீரகம் பசியைத் தூண்டும்னு சொல்றாங்க. சோம்பு செரிக்க நல்லது."

"அளவு சொல்லும்மா."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"அப்பா, அதெல்லாம் ஒரு சிட்டிகைதான்ப்பா."

யாருடைய சிட்டிகை என்று அவருக்குக் கேட்கத் தோன்றியது. டிக்கெட் கிழித்துக் கிழித்து மெலிந்த அவர் மனைவியின் விரல்களுக்கு நடுவே நிற்பதும், அவருடைய தடித்த விரல்களுக்கு நடுவே நிற்பதும் ஒன்றா? கடையில் இஞ்சி மாத்திரை இருக்கிறது, கிராம்பு எண்ணெய் இருக்கிறது, புதினா சத்து இருக்கிறது. எத்தனை சொட்டு, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று எல்லாம் மேலேயே எழுதியிருக்கும். அதே இஞ்சியும் கிராம்பும் வீட்டுக்கு வந்ததும் ஒரு சிட்டிகையாகிவிடுகின்றன. எந்த இடத்தில் மருந்து நின்று ருசி தொடங்குகிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

அந்தக் குழப்பத்தோடுதான் முதல் நாள் அடுப்பில் எண்ணெய் வைத்தார். பருப்பு வெந்திருந்தது. கேரட் வெட்டியாயிற்று. சன்னல் தொட்டியிலிருந்து புதினா பறித்துக் கழுவி வைத்தாயிற்று. அடுப்புக்கு மேலே இரண்டு தட்டுகளில் பதினேழு தகர டப்பாக்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் மனைவியின் கையெழுத்தில் ஒரு சீட்டு. கம்பவுண்டருக்குத் தெம்பு வந்தது. இது நம்ம கடை மாதிரிதானே. சீரகம் என்று எழுதியதை எடுத்தார், படித்தார், திறந்தார். உள்ளே ஏதோ பழுப்புப் பொடி இருந்தது.

மிளகு என்று எழுதியதில் பச்சையாக, நீளநீளமாக ஏதோ விதை. உப்பு டப்பாவில் செக்கச்செவேல் என்று மிளகாய்ப்பொடி. டீத்தூளில் மஞ்சள். 

முக்காலி வாசலோரம் நகர்ந்திருந்தது. டிக்கெட்டம்மா அதில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீரகம்னு எழுதியிருக்கு. உள்ள பொடி இருக்கே?"

"அது சீரக டப்பாங்க."

"அப்போ சீரகம் எங்க?"

"வேற டப்பால இருக்கும்."

"எந்த டப்பால?"

"வாங்கிட்டு வந்த அன்னிக்கு எது காலியா இருந்துச்சோ அதுல."

"அப்புறம் எதுக்கு எழுதி ஒட்டினே?"

"குடி வந்த புதுசுல எழுதினது. அப்போ சரியாத்தான் இருந்துச்சு."

கம்பவுண்டர் டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்றார். "இருபத்தஞ்சு வருஷமா எனக்கு இதுலேர்ந்துதான் போட்டியா?"

"ஏன், உயிரோடத்தானே இருக்கீங்க? எண்ணெய் புகையுது பாருங்க."

தீயைக் குறைத்துவிட்டு, பழுப்புப் பொடியை மனைவியிடம் நீட்டினார். அதில்தான் தப்பு செய்தார். டிக்கெட்டம்மா பழக்கத்தில் குனிந்து முகர்ந்தார். அப்படியே ஒரு கணம் நின்றுவிட்டார். எத்தனையோ ஆயிரம் தடவை குனிந்த தலை. குனிந்தவுடன் பதில் தானாக வந்துவிடும் என்று நம்பிக் குனிந்தது.

"சோம்புப் பொடி" என்றார். பிறகு, "இல்ல, அது போன வருஷம்." பிறகு, சின்னக் குரலில், "தெரியலைங்க."

அந்தச் சமையலறையில் அந்த வார்த்தையை அவர் கேட்டதேயில்லை. எது எங்கே என்பதை அவர் மனைவி மனதில் வைத்திருக்கவில்லை. மூக்கில் வைத்திருந்தார். எழுத்தும் பொய், மூக்கும் போயிற்று. பதினேழு டப்பாவும் அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு வரிசையாக நின்றன.

கம்பவுண்டரே முகர்ந்து பார்த்தால் தெரிய வேண்டும்தானே? அவர் மூக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு யாரும் பெயர் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. எதை முகர்ந்தாலும் கடையில் எங்கோ ஒரு புட்டி நினைவுக்கு வந்தது. ஒன்று பல்வலிக்கு, ஒன்று வாயுவுக்கு, ஒன்று சளிக்கு. இது இன்னது என்று மட்டும் சொல்ல வரவில்லை.

ஆனாலும் சமைத்தாக வேண்டுமே. கடையிலிருந்து மருந்துச் சீட்டுக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து, தினமும் என்ன போட்டார் என்று எழுதத் தொடங்கினார். பொருளின் பெயர் தெரியாததால் டப்பாவின் பெயரை எழுதினார். 'சீரக டப்பா ஒரு ஸ்பூன். மிளகு டப்பா அரை. மூடி உடைந்த டப்பா கால்.' மீனில் ஏலக்காய் விழுந்த நாள் உண்டு. முட்டையில் பட்டைப்பொடி விழுந்து, கேக் கருகியது போல் வீடே மணந்த நாளும் உண்டு. மணந்தது அவருக்கு மட்டும்.

டிக்கெட்டம்மா முக்காலியிலிருந்து ஓயாமல் உத்தரவு போட்டார். பாதிக்கு மேல் தப்பான உத்தரவு.

"அந்த மேல் தட்டுல ரெண்டாவது. அதுதான் தனியா."

"இது கடுகு மாதிரி உருண்டையா இருக்கே."

"அப்போ மூணாவது."

"மூணாவதுல பொத்தான் இருக்கு. சட்டைப் பொத்தான்."

"அடடா, ரெண்டு வருஷமாத் தேடறேன். இங்க கொடுங்க."

சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும். "பஞ்சை மென்னு முழுங்கற மாதிரி இருக்குங்க" என்பார். ஆறு கரண்டி, எண்ணி ஆறு. தட்டைத் தள்ளிவிடுவார். வெள்ளிக்கிழமை எடை நாற்பத்தொன்பதரை. அடுத்த வெள்ளி நாற்பத்தொன்பது.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. கூடத்தில் மின்விசிறி பழுது பார்க்க ஆள் ஏணி போட்டிருந்ததால், இருவரும் சமையலறையிலேயே அடைந்து கிடந்தார்கள். கம்பவுண்டர் வழக்கம்போல் மூன்று டப்பாக்களிலிருந்து எடுத்துத் தாளித்தார். கொஞ்சம் கருகிவிட்டது. பதற்றத்தில் இஞ்சியை அள்ளிப் போட்டார், புதினாவைக் கிள்ளாமல் அப்படியே போட்டார், எலுமிச்சையை விதையோடு பிழிந்தார். கொடுக்கவே வெட்கமாக இருந்தது. டிக்கெட்டம்மா ஒரு கிண்ணம் பருப்பு சூப்பைக் குடித்துவிட்டு, இன்னொரு கிண்ணம் கேட்டார். அதையும் குடித்துவிட்டு விரலால் வழித்து நக்கினார்.

"என்ன போட்டீங்க?"

கம்பவுண்டர் கையைத் துடைத்துக்கொண்டார். சீட்டை எடுத்துப் பார்த்தார். மூன்று தடவை படித்தார்.

மறுநாள் அதே டப்பாக்கள், அதே ஸ்பூன், அதே கணக்கு. டிக்கெட்டம்மா நான்கு கரண்டியோடு நிறுத்திவிட்டார். அதற்கு மறுநாள் வேண்டுமென்றே கருகவிட்டார். ஐந்து கரண்டி. எலுமிச்சையை விதையோடு பிழிந்தார். விதை பல்லில் பட்டுத் திட்டு வாங்கினதுதான் மிச்சம். மின்விசிறிக்காரரை மறுபடி கூப்பிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார். கடையில் நிற்கும்போதும் இதே நினைப்பு. தெரியாமல் செய்தது சரியாக வந்திருக்கிறது. தெரிந்து செய்தால் வரவில்லை. அப்படியானால் அன்றைக்குச் சமைத்தவர் யார்?

"அப்பா, ஒருவேளை அன்னிக்கு அம்மாவுக்குப் பசிச்சிருக்கும்" என்றாள் மகள்.

பசி என்று அவர் சீட்டில் எழுதியிருக்கவில்லை. அதை எந்த டப்பாவிலிருந்து எடுப்பது என்றும் தெரியவில்லை.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் மூலம் டப்பாக்கள்தான் என்று அவர் முடிவுக்கு வந்தார். சுத்தமாகப் பெயர் ஒட்டிவிட்டால் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று தெரிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி தூங்கும்போது வேலையை ஆரம்பித்தார். மளிகைக்கடையில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம், பெயர் எழுதிய பொட்டலமாக வாங்கி வைத்திருந்தார். சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, டப்பாவில் இருந்ததை ஒரு பக்கம், பொட்டலத்தில் இருந்ததை மறுபக்கம் வைத்து, நிறம் பார்த்து, மென்று பார்த்து, முகர்ந்து பார்த்து, ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார். தண்ணீரில் ஊறவைத்துப் பழைய சீட்டுகளை உரித்தார். கடையில் விஷ மருந்துகளுக்கு எழுதும் அதே நேர்த்தியான எழுத்தில் புதிதாக எழுதி, கீழே தேதி போட்டு ஒட்டினார். சீரகம். சோம்பு. மிளகுப்பொடி. கிராம்புப்பொடி. சுக்கு. பதினாறு ஆயிற்று.

பதினேழாவது அந்த மூடி உடைந்த டப்பா. உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பொடி. எந்தப் பொட்டலத்தோடும் ஒத்துப்போகவில்லை. ஐந்தாறு பொருள் சேர்ந்த மாதிரி இருந்தது, எவை என்று சொல்ல முடியவில்லை. முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் பெயர் தெரியாத பொருளுக்கு ஒரே வழிதான் உண்டு. குப்பைக்கூடையில் கொட்டி, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தார்.

டிக்கெட்டம்மா எழுந்து வந்து பார்த்தார். தட்டு முழுக்க வெள்ளைச் சீட்டுகள் பளிச்சென்று இருந்தன.

"நல்லா இருக்கா?"

"ம். எங்க அந்த மூடி உடைஞ்சது?"

"உள்ள என்னன்னு தெரியல. கொட்டிட்டேன்."

"எத்தனை இருந்துச்சு?"

"பாதி டப்பா இருக்கும். என்னது அது?"

டிக்கெட்டம்மா கவிழ்ந்து கிடந்த டப்பாவை நிமிர்த்தி வைத்தார். "நான் அரைச்சு வெச்சது. கைக்கு வந்ததைப் போட்டு, வாசம் பார்த்துப் பார்த்து அரைச்சேன். என்னன்னு கேட்டா எனக்கும் தெரியாது" என்றார். போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் முக்காலி காலியாக இருந்தது. கம்பவுண்டர் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்.

"நான் எதுக்குங்க? எல்லாம்தான் எழுதி ஒட்டியிருக்கே. கண்ணு இருக்கறவங்க யார் வேணும்னாலும் சமைக்கலாம்."

அந்த வாரம் அவர் சமையல் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குத் தேறியது. மகள் சொன்னதெல்லாம் சொன்ன வரிசையில் விழுந்தது. சீரகப்பொடி சிவந்து, இஞ்சி வதங்கி, கடைசியில் கொத்தமல்லித்தழை தூவிய காய்கறி சூப்பை அவரே இரண்டு தடவை ஊற்றிக்கொண்டார். உப்பு குறைவாக இருந்தது தெரியவே இல்லை. டிக்கெட்டம்மா மூன்று கரண்டி சாப்பிட்டார். எல்லாம் சரியாக இருக்கும்போது எது தப்பாகப் போகிறது என்று அவருக்குப் புரியவில்லை. தப்பைத் தேட ஒரு சீட்டாவது தப்பாக இருக்க வேண்டுமே. அவர் திரும்பத் திரும்ப அலமாரியைப் பார்த்தார். ஒரு புள்ளிகூட விடுபடவில்லை.

வெள்ளிக்கிழமை எடை மிஷினின் முள் நாற்பத்தேழைத் தாண்டி இரண்டு கோடு நின்றது. முதலாளியம்மா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். மருத்துவருக்குத் தொலைபேசினார்கள். "அடுத்த வெள்ளி வரைக்கும் பார்ப்போம். இறங்கியிருந்தா துணிமணியோட வாங்க" என்றார் அவர்.

வீட்டுக்கு நடந்து வரும்போது டிக்கெட்டம்மா மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்றார். "கையைப் பிடிக்காதீங்க, நான் என்ன கண்ணாடிச் சாமானா" என்று சொன்னவர், மூன்றாவது திருப்பத்தில் தானே கையைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பவுண்டர் தேநீர் குடித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் மறுபடி வெள்ளைத் தாளை விரித்தார். கடையிலிருந்து கொண்டுவந்த சின்னப் புனல் கையில் இருந்தது. பதினாறு டப்பாக்களையும் இறக்கினார். சீரகப்பொடியைத் தாளில் கொட்டினார். அந்த டப்பாவைத் துடைத்து, சீட்டைப் படித்து, புனலை வைத்து, அதில் கிராம்புப்பொடியை நிரப்பினார். சோம்புக்குள் சுக்கு போயிற்று. மிளகுப்பொடிக்குள் மஞ்சள். பட்டை இருந்த இடத்துக்குச் சீரகம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் எடுக்கும்போது ஒருமுறை, கொட்டும்போது ஒருமுறை, தட்டில் வைக்கும்போது ஒருமுறை படித்தார். முணுமுணுப்பு கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனைவிக்குக் கேட்டது. ஒரு சீட்டையும் அவர் உரிக்கவில்லை. அவர் கையெழுத்தில், தேதி போட்டு, அவர் அறிந்தே எழுதி வைத்த பொய் என்று உலகத்தில் இருந்தது அந்தப் பதினாறுதான்.

பிறகு அடுப்பைப் பற்றவைத்து எண்ணெய் ஊற்றினார்.

"ஏம்மா, சீரகப்பொடி எடுத்துக் கொடேன். எண்ணெய் காயுது."

"பேர்தான் கொட்டை எழுத்துல இருக்கே. கண்ணு தெரியலையா?"

"கண்ணாடியைக் கடையில விட்டுட்டேன்."

டிக்கெட்டம்மா முனகிக்கொண்டே வந்தார். கண்ணாடி கம்பவுண்டரின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. அதை ஒரு பார்வை பார்த்தார். சீரகம் என்று எழுதிய டப்பாவை எடுத்துத் திறந்தார். குனியப் போனவர், குனியவில்லை. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"என்னங்க இது? நாக்கு மரத்துப்போச்சு!"

"அப்படியா?"

"கிராம்புங்க இது! பல்லு பிடுங்கப் போனப்போ வெச்சானே, அதே மரத்தல். மூணு தடவை படிச்சீங்களா?"

"படிச்சேனே."

"கிழிச்சீங்க." டிக்கெட்டம்மா முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அடுத்ததைக் கொடுங்க. இது எரியுது. தொண்டையில எரியலை, நாக்கு நுனியில எரியுது. சுக்கு. சோம்புன்னு எழுதியிருக்கீங்க! உங்களையெல்லாம் நம்பி ஊரே மருந்து சாப்பிடுது. தண்ணி கொடுங்க. தண்ணி வேண்டாம், ரொட்டி இருந்தா கொடுங்க, நாக்கைத் துடைக்கணும்."

அவர் அடுப்பை அணைத்துவிட்டு ரொட்டி எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு டப்பாவுக்கும் நடுவில் ஒரு கடி. எரிவது, குளிர்வது, மரத்துப்போவது, கசப்பது எல்லாம் டிக்கெட்டம்மாவுக்குத் தெரிந்தது. சீரகமும் தனியாவும் மட்டும் அவருக்கு ஒரே மரத்தூளாக இருந்தன. அவற்றைக் கணவரிடம் நீட்டி, "நீங்க மோந்து சொல்லுங்க" என்றார். அவர் முகர்ந்து தப்பாகச் சொன்னார். பொட்டலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து டிக்கெட்டம்மா தலையில் அடித்துக்கொண்டார். முடியும்போது மணி பதினொன்றாகிவிட்டது. நான்கு துண்டு ரொட்டி காணாமல் போயிருந்தது. இரண்டு பேரும் அதை எண்ணவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை முள் அதே இரண்டு கோட்டில் நின்றது. அடுத்த வெள்ளி ஐந்தாவது கோட்டில். மழை விட்டு, வெயில் வந்து, மறுபடி மழை பிடிப்பதற்குள் ஐம்பத்துமூன்றுக்கு ஏறியது. வாசனை ஒழுங்காகத் திரும்பவில்லை. கிராம்பு வந்தது, எலுமிச்சை பாதி வந்தது, காப்பி மட்டும் ரப்பர் கருகினாற்போல் வருகிறது என்று டிக்கெட்டம்மா மூக்கைப் பொத்திக்கொள்வார். வேலைக்குத் திரும்பினார். மாலையில் வந்து முக்காலியில் உட்கார்ந்து நாக்கால் பார்த்துச் சமையலைத் திருத்துவார். மூடி உடைந்த டப்பாவில் புதிதாக ஏதோ அரைத்து வைத்தார். பழையது போல் இல்லை என்றார். பழையது எப்படி இருந்தது என்று அவர்கள் இருவருக்கும் நினைவில்லை.

எடை தேறிய பிறகு மகள் ஒருவாரம் வந்து தங்கினாள். டீ போடப் போனவள் சமையலறையிலிருந்து கத்தினாள்.

"அப்பா! நீங்களா எழுதினீங்க இதெல்லாம்? ஒண்ணுகூட சரியில்லையே!"

"என் தப்பு இல்லம்மா, உங்கப்பாவுக்கு வயசாயிடுச்சு" என்று டிக்கெட்டம்மா கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். "ஒருநாள் தூக்கக் கலக்கத்துல எல்லாத்தையும் மாத்திக் கொட்டிட்டாரு."

மகள் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து, எல்லாவற்றையும் கொட்டி, சீரகத்தைச் சீரகத்திலும் சோம்பைச் சோம்பிலும் நிரப்பிவிட்டு ஊருக்குப் போனாள். பேருந்து ஏற்றிவிட்டு வந்த டிக்கெட்டம்மா, "இனிமே யார் வேணும்னாலும் சமைக்கலாம்" என்றார். குறையாகச் சொன்னாரா சும்மா சொன்னாரா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை கம்பவுண்டர் கடைக்கு அரைமணி நேரம் தாமதமாகப் போனார். முப்பத்தொரு வருடத்தில் அது முதல் தடவை. முதலாளியம்மா என்ன விஷயம் என்று கேட்டதற்கு, வீட்டில் கொஞ்சம் வேலை என்றார். கோட்டை மாட்டிக்கொண்டு, முதல் மருந்துச் சீட்டை வாங்கி, அலமாரியிலிருந்து புட்டியை எடுத்துப் படித்தார்; எண்ணும்போது படித்தார்; திரும்ப வைக்கும்போது படித்தார். சாயங்காலம் டிக்கெட்டம்மா சீரகம் என்று எழுதிய டப்பாவைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். காரம் ஏறியது.

"என்னங்க இது, மிளகுல்ல?"

கம்பவுண்டர் சன்னல் பக்கம் திரும்பிப் புதினா பறித்துக்கொண்டிருந்தார்.